தடைக்காலத்துப் பேரரசர்கள்

திரையில் ஆடிய தலைமுறை – அத்தியாயம் 14

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரையோடு கட்டப்பட்டுவிடும். கடலுக்குப் போக டோக்கன் கிடையாது, ஐஸ் வண்டி வராது, ஏலம் விடும் குரலும் எழாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் 2001 முதல் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகளுக்குத் தடை. முதலில் 45 நாட்கள். 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில் மணமேல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகள் கரையேறி முட்டுக் கொடுத்து நிற்பதைப் பார்க்கலாம். உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை அடிப்பார்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிப்பார்கள். புது வண்ணத்தின் நெடி தெருமுனை வரை வரும்.

பள்ளிக்கூடத்துக்கும் அதே நாட்களில்தான் கோடை விடுமுறை. கடலுக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் ஒன்றாகக் கரையில் இருக்கும் காலம் எங்கள் ஊரில் அது ஒன்றே. 2002 கோடையில், ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த நான், கடைத்தெருவில் இருந்த ஒரு சின்ன இன்டர்நெட் மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பாய் ஒருவர் நடத்திய கடை. நான்கு கணிப்பொறிகள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்ப வருகிறவர்களுக்காகத் திறந்த கடை அது. ஆனால் அன்று நான்கு திரையிலும் ஒரே காட்சி ஓடிக்கொண்டிருந்தது: பச்சைப் புல்வெளி, அதன் நடுவே ஓர் ஊர், அதைச் சுற்றி மரம் வெட்டும் குட்டி மனிதர்கள், அதற்கு அப்பால் எங்கும் கும்மிருட்டு.

சென்ற அத்தியாயத்தில் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி ஆடிய கேசட் விளையாட்டுகளைப் பார்த்தோம். மரியோவும் கான்ட்ராவும் ஒரு தலைமுறையின் விரல்களைப் பழக்கிய கதை அது. அவை வந்தன, ஆண்டன, போயின. இந்த அத்தியாயத்தின் நாயகன் போகவே இல்லை. 1999 இல் வெளிவந்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகும் உலகெங்கும் ஆடப்படும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ தான் அது. எங்கள் ஊரில் அதற்கு ஒற்றைச் சொல்தான் பெயர்: “ஏஜ் போடலாமா?”

டாலஸில் போட்ட ஏரா

கப்பலின் அடிமரத்துக்கு ஏரா என்று பெயர். அதை ஒழுங்காகப் போட்டால்தான் மேலே எத்தனை பலகை அடித்தாலும் நிற்கும். இந்த விளையாட்டுக்கு ஏரா எங்கே போடப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

சதுரங்கத்தில் நான் ஒரு காய் நகர்த்தினால் எதிரி ஒரு காய் நகர்த்துவார். கணிப்பொறியில் வந்த பழைய போர் விளையாட்டுகள் பலவும் அப்படி முறை வைத்து ஆடப்பட்டவைதான். முறையே இல்லாமல், கடிகாரம் ஓட ஓட இருவரும் ஒரே நேரத்தில் ஆளவும் கட்டவும் போரிடவும் வேண்டும் என்ற வகைக்கு ஒரு தெளிவான உருவம் கொடுத்தது 1992 இல் வெஸ்ட்வுட் நிறுவனம் வெளியிட்ட ‘டியூன் 2’. பின்னால் 1994 இல் ‘வார்கிராஃப்ட்’, 1995 இல் ‘கமாண்ட் அண்ட் கான்கர்’, 1998 இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்று வரிசையாக வந்தன. ஸ்டார்கிராஃப்ட் தென்கொரியாவில் ஒரு தேசிய விளையாட்டைப் போலவே ஆனது. தெருவுக்குத் தெரு இருந்த ‘பிசி பாங்’ கடைகளில் இளைஞர்கள் இரவும் பகலும் ஆடினார்கள். தொலைக்காட்சியில் நேரலையாகவே போட்டிகள் நடந்தன.

அந்த விளையாட்டுகளின் களம் பெரும்பாலும் வேற்றுக் கிரகம், அல்லது மாயாஜால உலகம். அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் வேறு வழியில் போனது. அங்கே இருந்த புரூஸ் ஷெல்லி, அதற்கு முன் சிட் மெயருடன் சேர்ந்து 1991 இல் ‘சிவிலைசேஷன்’ என்ற விளையாட்டை உருவாக்கியவர். மனித நாகரிகம் முழுவதையும் களமாக்கிய விளையாட்டு அது. ஆனால் முறை வைத்து ஆடுவது. அந்த நாகரிகக் கதையையும் ஓடும் கடிகாரத்தையும் ஒன்றாகக் கட்டினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தது 1997 அக்டோபரில் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’. 1999 செப்டம்பர் 30 அன்று அதன் இரண்டாம் பாகம் வெளியானது. இடைக்காலத்து 13 நாகரிகங்கள் அதில் இருந்தன. 2000 ஆம் ஆண்டு வந்த ‘தி கான்கரர்ஸ்’ என்ற விரிவாக்கம் மேலும் 5 நாகரிகங்களைச் சேர்த்தது.

ஷெல்லி சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. விளையாட்டுக்குத் தேவையான வரலாற்றை அவர்கள் தேடியது நூலகத்தின் சிறுவர் பகுதியில். ஆடுகிறவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வரலாறு போதும். அதற்கு மேல் பாரம் ஏற்றினால் ஆட்டம் நகராது என்பது அவர் கணக்கு. இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. செய்த விளையாட்டை நிறுவனத்தில் உள்ளவர்களே இடைவிடாமல் ஆடிப் பார்த்தார்கள். எங்கே சலிக்கிறது, எங்கே ஒருவர் கை அநியாயமாக ஓங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். ஏரா நேராக விழுந்தது இப்படித்தான்.

மூன்று பேர், ஒரு மண்டபம்

ஆடிப் பார்க்காதவர்களுக்காக முதல் பத்து நிமிடத்தை மட்டும் சொல்கிறேன். இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்கென்று ஓர் ஊர் மண்டபம். மூன்று குடியானவர்கள். குதிரையில் ஒரு வேவுகாரர். 200 உணவு, 200 மரம், கொஞ்சம் பொன், கொஞ்சம் கல். சுற்றிலும் எல்லாம் கறுப்பு. வேவுகாரரை அனுப்பினால் அவர் போகிற வழி மட்டும் வெளிச்சமாகும். அந்த வெளிச்சத்தில் ஆடுகள் தென்படும், பழப்புதர் தென்படும், காட்டுப்பன்றி தென்படும், சில சமயம் கடலும் தென்படும். ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். அந்த 25 விநாடிச் சங்கிலி ஒரு கண்ணியும் அறாமல் ஓட வேண்டும். மண்டபம் சும்மா நின்றால், எதிரியின் ஊரில் அப்போது ஒரு பிள்ளை பிறந்துவிட்டது என்று பொருள்.

500 உணவு சேர்ந்தால் இருண்ட காலத்திலிருந்து அடுத்த காலத்துக்கு ஊர் போகலாம். அதன் பிறகு 800 உணவும் 200 பொன்னும் கொடுத்தால் கோட்டைக் காலம். 1000 உணவும் 800 பொன்னும் கொடுத்தால் பேரரசுக் காலம். கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் நிற்பது உணவு. வாள் பிடிக்கிற கை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏர் பிடிக்கிற கை ஒன்று இருந்தே ஆக வேண்டும். சண்டை விளையாட்டு என்று பெயர் வாங்கிய ஒன்று, உழைப்பின் கணக்கைத்தான் ஒவ்வொரு நொடியும் சொல்லிக் கொடுக்கிறது. என் பார்வையில் அதன் நீண்ட ஆயுளுக்கு முதல் காரணம் இதுதான். இங்கே யாரும் அரசனாகப் பிறப்பதில்லை. ஏறக்குறைய எல்லோரும் மூன்று பேரோடுதான் தொடங்குகிறார்கள். பணக்கார வீட்டுப் பையனுக்கும் டெக்கில் ஐஸ் உடைக்கிற பையனுக்கும் அந்த மூன்றே பேர்தான்.

படை வகுப்பிலும் அதே நியாயம். குதிரையை ஈட்டி தடுக்கும். ஈட்டிக்காரனை வில் வீழ்த்தும். வில்லாளியைக் குதிரை மிதிக்கும். தோற்கவே தோற்காத படை என்று ஒன்று கிடையாது. கடலிலும் அப்படியே. அம்பு எய்யும் கப்பலைத் தீக்கப்பல் எரிக்கும். எதிரி என்ன செய்கிறார் என்று கண்டுபிடிக்கிறவர் வெல்கிறார். ஒவ்வொரு முறையும் நிலமும் மாறிவிடுகிறது. மலை வேறு இடம், பொன் வேறு இடம், கரை வேறு இடம். நேற்று வென்ற வழி இன்று அப்படியே உதவாது. ஆயிரம் முறை ஆடியவரும் ஆயிரத்தொன்றாவது முறை அந்த இருட்டைப் பார்க்கும்போது புதியவர்தான்.

மீன் தீர்கிற கடல்

அந்தக் கடைக்கு இரண்டு வகைக் கூட்டம் வரும். ஒன்று எங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள். மற்றது, தடைக்காலத்தில் கையில் வேலை இல்லாமல் நின்ற படகுத் தொழிலாளர்கள். மணிக்கு 20 ரூபாய். குறுந்தட்டு சென்னை பர்மா பஜாரிலிருந்து யாரோ வாங்கி வந்தது. நான்கு பொறிகளையும் பாய் ஒரு வலைப்பின்னலில் இணைத்திருந்தார். ‘லேன் போட்டு’ ஆடினால் நால்வரும் ஒரே உலகத்தில் இருப்போம்.

ஒருநாள் என் பக்கத்துப் பொறியில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் அண்ணன் வந்து உட்கார்ந்தார். விரல்களில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள். சுட்டியைப் பிடிக்கவே கூச்சப்பட்டார். கொஞ்ச நேரம் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கேட்டார்:

“தம்பி, அந்தா கரையில மீன் துள்ளுது. அத விட்டுட்டு ஏன் ஆளெல்லாம் காட்டுக்குள்ள அனுப்புற?”

நான் அதுவரை கடல் பக்கமே போனதில்லை. ஆடு மேய்ப்பதும் வயல் போடுவதும்தான் தெரியும். அவர் சொன்னபடி ஒரு துறை கட்டி, 75 மரம் கொடுத்து ஒரு மீன்பிடிப் படகு விட்டேன். படகு ஆழக்கடலுக்குப் போய் வலை வீசியது. அவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். “இது சூரை. அங்க நிக்கிறது சங்கரா மாதிரி இருக்கு.” டாலஸில் யாரோ வரைந்த மீன்களுக்குக் கோட்டைப்பட்டினத்தில் பெயர் கிடைத்தது.

இரண்டு நாளில் அவர் பழகிவிட்டார். மூன்றாம் நாள் நாங்கள் இருவர் ஓர் அணி. என் வகுப்புத் தோழர்கள் இருவர் எதிரணி. தீவுகள் நிறைந்த வரைபடம். நான் தீவுக்குள் வயல் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மீன்பிடிப் படகுகளை விட்டுக்கொண்டே, ஒரே ஒரு படகை மட்டும் வெறுங்கடலில் தூரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே மீனே இல்லை.

“எதுக்கு அண்ணே அது?”

“தூரத்துல ஒரு கண்ணு இருக்கணும் தம்பி. கடல்ல எது வந்தாலும் கிட்ட வந்தப்புறம் பாத்தா பிரயோசனம் இல்ல.”

சொல்லி ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. அந்தப் படகின் பார்வை வட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் மெல்ல நுழைந்தது. எதிரணியின் குதிரைப்படை மொத்தமும் அதற்குள். காவல் படகு மட்டும் இல்லையென்றால் அந்தப் படை என் வயல்களுக்குப் பின்னால் வந்து இறங்கியிருக்கும். அண்ணன் இரண்டு தீக்கப்பல்களைத் திருப்பினார். நடுக்கடலில் சரக்குக் கப்பல் முழுக, அதனுள் இருந்த படை முழுவதும் அதனோடு போயிற்று. எதிர்ப் பொறியிலிருந்து என் தோழன் எழுந்து நின்று எங்கள் திரையை எட்டிப் பார்த்தான். கடைக்காரப் பாயும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அந்த அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவர் அவர். அவருக்குத் தெரிந்த ஒரு பாடத்தில் எங்கள் எல்லோரையும் அவர் அன்று தேர்ச்சி பெற வைத்தார்.

இன்னொன்றும் அவர்தான் கண்டார். அந்த விளையாட்டில் ஆழக்கடல் மீன் கூட்டம் ஒன்றில் 225 உணவு இருக்கும். எடுக்க எடுக்கக் குறைந்து கடைசியில் மறைந்துவிடும். மறுபடி வராது. படகுகள் ஒவ்வொன்றாக வேலையில்லாமல் நிற்கத் தொடங்கியபோது அவர் கையை எடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “இதுலயும் ஒரு தடைக்காலம் விட்டா மீன் வந்துரும்ல தம்பி?”

வேலை இல்லாத 45 நாட்களில், கையில் இருந்த 20 ரூபாயைக் கொடுத்து ஆட வந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் அது. தடைக்காலம் எதற்கு என்று எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

மின்வெட்டும் மடிக்கணினியும்

பத்தாண்டுகளில் அந்த மாதிரி மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. செல்பேசியில் இணையம் வந்தது. ஆட்டமும் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குத் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு காரணம் உண்டு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படித்த பிள்ளைகள் கையில் கணிப்பொறி வந்து சேர்ந்தது. குடும்பத்தில் முதல் முறையாகக் கணிப்பொறி நுழைந்த வீடுகள் எத்தனையோ. படிப்புக்குத் தந்த பொறி படிப்புக்கு உதவியது. கூடவே ஒரு பென்டிரைவ் வகுப்பறையைச் சுற்றி வந்தது. அதற்குள் ‘ஏஜ்’ இருந்தது.

ஏன் இந்தப் பழைய விளையாட்டு? 2011 இல் வந்த புதிய விளையாட்டுகளுக்கு அந்த மடிக்கணினிகள் போதாது. ஏஜ் 2 கேட்டதோ 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 எம்பி நினைவகமும்தான். ஒரு குறுந்தட்டில் அடங்கிவிடும். எந்தப் பொறியிலும் ஓடும். இணையமே தேவையில்லை. எளியவர்கள் கையில் இருக்கும் கருவியில் ஓடுகிற ஒன்றுக்கு ஆயுள் கெட்டி. திருக்கை வால் போல நீண்ட மின்வெட்டுக் காலம் வேறு அது. 2012 இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இருக்காது. விசிறி நின்ற இருட்டு வீட்டில், திண்ணையில் இரண்டு மடிக்கணினிகளை ஒரு கம்பியால் இணைத்து, மின்கலம் தீரும் வரை பிள்ளைகள் ஆடினார்கள். என் அக்காள் மகன் மின்கலத்தின் அளவைப் பார்த்துக்கொண்டே போர் தொடுப்பான். “மாமா, 20 பெர்சென்ட்தான் இருக்கு, இப்ப அடிச்சாத்தான் உண்டு.” நேரம் என்ற செல்வத்தை அவன் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

தச்சன் போன பிறகும் படகு

அந்தப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தபோது அவர்களுக்குத் தெரியாத ஒரு சேதி உண்டு. அந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே அப்போது உலகில் இல்லை. என்செம்பிள் ஸ்டுடியோஸை அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில் மூடிவிட்டது. உலகெங்கும் இருந்த ஆட்டக்காரர்கள் கூடுகிற இடமாக இருந்த மைக்ரோசாஃப்டின் இணையத் தளமும் 2006 இலேயே போய்விட்டது.

தச்சன் இல்லை, துறை இல்லை. அப்படியானால் படகு கரையில் உளுத்துப்போக வேண்டியதுதானே? இங்கேதான் இந்த வரலாற்றின் மிக அழகான பக்கம் வருகிறது. ஆடியவர்களே படகைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்கள். தாங்களே கூடுமிடங்களை அமைத்துக்கொண்டார்கள். பல நாட்டு ரசிகர்கள் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற புதிய விரிவாக்கத்தைத் தாங்களாகவே உருவாக்கி 2012 இறுதியில் இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் படைப்பாளிகள் விட்டுவிட்ட ஐந்து நாகரிகங்கள் அதில் இருந்தன. அந்த ஐந்தில் ஒன்று இந்தியர்கள்.

மைக்ரோசாஃப்ட் திரும்பிப் பார்த்தது. 2013 ஏப்ரலில் மெருகேற்றிய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ரசிகர்களின் அந்த வேலையே அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வந்தது. நேற்று வரை ஆடிக்கொண்டிருந்தவர்கள் இன்று செய்கிறவர்கள் ஆனார்கள். 2019 நவம்பர் 14 அன்று 35 நாகரிகங்களுடன் முழுமையாகப் புதுப்பித்த பதிப்பு வந்தபோது அதன் பின்னால் நின்ற முதன்மையான கைகளும் அவர்களுடையவைதான். 2022 அக்டோபரில், முதல் பாகத்தின் 25 ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே உலகப் போட்டி நடந்தது. திரையில் கோட்டை கட்டியவர்கள் நிஜக் கோட்டையின் சுவருக்குள் உட்கார்ந்து ஆடினார்கள்.

எங்கள் கரையில் முப்பது வருடப் படகு என்று ஒன்றைக் காட்டுவார்கள். கிட்டப் போய்க் கேட்டால், முதலில் அடித்த பலகையில் பாதி கூட அதில் இருக்காது. ஒவ்வொரு தடைக்காலத்திலும் ஒரு பலகை, இரண்டு பலகை என்று மாறியிருக்கும். ஆனாலும் அது அதே படகுதான், அதே பெயர்தான். ஏஜ் 2 இன் கதையும் இதுவே. வலுவான மரத்தால் செய்ததால் மட்டும் அது மிதக்கவில்லை. ஆண்டுதோறும் யாரோ உட்கார்ந்து பஞ்சு திணித்ததால் மிதக்கிறது.

கடாரத்துக்கு ஒரு கப்பல்

2013 இல் அதிகாரபூர்வமாக வந்த ‘இந்தியர்கள்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் காஷ்மீர் முதல் குமரி வரை எல்லோரும் அடங்கினோம். ஒட்டகப் படைதான் அதன் பெருமை. சோழர் ஆண்ட கரையில் உட்கார்ந்து அதை ஆடியபோது, நம் வீட்டுக் கல்யாணத்தில் நாமே பின்வரிசையில் நிற்பது போல இருந்தது.

2022 ஏப்ரல் 28 அன்று அது மாறியது. ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வெளியானது. பழைய இந்தியர்கள் இந்துஸ்தானியர் என்று பெயர் மாற, வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என மூன்று நாகரிகங்கள் புதிதாகச் சேர்ந்தன. மொத்தம் 42. கூடவே முதலாம் இராசேந்திர சோழனின் வாழ்க்கை ஒரு தொடர்ப் போராக வந்தது.

தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 28, தடைக்காலத்தின் இரண்டாம் வாரம். எங்கள் படகுகள் கரையில் நின்ற நாட்களில் சோழன் கப்பல் திரையில் புறப்பட்டது.

திராவிடர் நாகரிகத்தின் குடியானவர்களைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறார்கள். சுருள்வாள் வீரர்கள் இருக்கிறார்கள். திரிசடை என்ற பெருங்கப்பல் இருக்கிறது. உலகம் ‘வூட்ஸ்’ என்று அழைக்கும் தென்னாட்டு உருக்கு ஒரு தொழில்நுட்பமாக இருக்கிறது. அதை அடைந்துவிட்டால் நம் வாளை எந்தக் கவசமும் தடுக்காது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தோண்டியெடுத்த உலைகளை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் பின்னால் எத்தனை நூற்றாண்டு வெக்கை இருக்கிறது என்று தெரியும்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு இரண்டு வரிகள். திராவிடரின் மீனவர்களும் மீன்பிடிப் படகுகளும் மற்றவர்களைவிட 15 உணவு கூடுதலாகச் சுமப்பார்கள். அவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் கட்டும் ஒவ்வொரு துறையும் மேலும் 5 பேர் வாழ இடம் தரும். மற்ற எல்லோருக்கும் துறை என்பது கப்பல் கட்டும் இடம். நமக்கு மட்டும் அது ஆட்கள் வாழும் இடம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் என்று பட்டினங்களாகவே ஊர் அமைந்த ஒரு கரையை இதைவிடச் சுருக்கமாக ஒரு விளையாட்டின் விதியாக எழுத முடியாது.

சோழர் கடல் பயணத்தை வரலாறு எப்படிச் சொல்கிறது? இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025 வாக்கில் நடந்த படையெடுப்பில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. நக்கவாரம் இன்றைய நிக்கோபார். கடாரம் மலேசியாவின் கெடா. இருபதாண்டுக்கு முன்பு இரு தரப்பும் நண்பர்கள். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. போர் ஒரு பருவத்துக்கு வந்தது. வணிகமோ நிற்கவே இல்லை. பின்னாளில் இந்தக் கரையின் கடல் வணிகர்களான மரக்கலராயர்கள் அதே கெடாவுக்கும் அதன் எதிரே உள்ள பினாங்குக்கும் துணி ஏற்றிப் போனார்கள். இன்றும் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் மலேசியாவிலிருந்து பணம் வரும் வழி அந்தப் பழைய கடல்வழிதான்.

விளையாட்டு வெற்றியை மட்டும் சொல்லும். செப்பேடு நட்பையும் சொல்லும். பிள்ளைகள் இரண்டையும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மெய்க்கீர்த்தியை ஒருபோதும் எட்டிப் பார்த்திராத ஒரு பையன், ‘கடாரம் எங்க இருக்கு மாமா?’ என்று கேட்டு வரைபடத்தைத் திறந்தது இந்த விளையாட்டால்தான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இதற்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காவல் படகு

அந்த 2022 மே மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். பாய் கடையில் என்னோடு ஆடிய அந்த அண்ணன், அன்று டெக்கில் ஐஸ் உடைத்தவர், இன்று ஒரு விசைப்படகில் பங்குக்காரர். முட்டுக் கொடுத்து நின்ற படகின் நிழலில் உட்கார்ந்து தச்சரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

இடைப்பட்ட இருபது வருடத்தில் அவர் கண்ட கடல் வேறு. பாக் நீரிணை குறுகலானது. நடுவே செல்லும் எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. 1974 இல் தாளில் போட்ட கோடு அது. அதைத் தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போகும் செய்தியில் எங்கள் ஊரின் பெயர் அடிக்கடி வரும். இருட்டில் அடுத்து என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது என்றால் என்ன என்பது எங்களுக்கெல்லாம் விளையாட்டு. அவருக்கு அது தொழில்.

திரையைத் திறந்து குடியானவரைத் தொட்டேன். தமிழ்க் குரல் கேட்டதும் தச்சர் உளியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நம் மீனவர்கள் 15 கூடுதலாகச் சுமப்பார்கள் என்று சொன்னேன். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“மீன் இப்பவும் தீந்து போகுதா தம்பி?”

“தீருது அண்ணே. இப்பவும் திரும்ப வராது.”

சற்று நேரம் கடலைப் பார்த்தார். தடைக்காலத்துக் கடல், வலை எதுவும் விழாமல் கிடந்தது. பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மூன்று பேர், ஒரு மண்டபம், சுற்றிலும் இருட்டு. ஒரு துறை கட்டினார். முதல் படகை மீனுக்கு விட்டார். இரண்டாவது படகைத் தூரமாக, மீனே இல்லாத வெறுங்கடலுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காவலுக்கு நிறுத்தினார்.

*(அடுத்த அத்தியாயத்தில்: 2018 இல் ஒவ்வொரு கையிலும் இறங்கிய பப்ஜி, 2020 செப்டம்பரில் வந்த தடை, அதற்குப் பின் தெருமுனைத் திண்ணைகள்.)*